எசப்பாட்டுக்கு இட்ட தடை

அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமியப் பாட்டிலிருந்து கிளைத்தது கன்ட்ரி இசை. அவ்விசையில் 1952ஆம் ஆண்டு கிட்டி வெல்ஸ் என்னும் பாடகியின் இசைத்தட்டொன்று வெளிவந்தது. ‘ஹாங்கி டாங்க் தேவதைகளைப் படைத்தவர் கடவுள் அல்லர்’ என்பது அதன் தலைப்பின் பொருள். ஹாங்கி டாங்க் என்பது குடியும் கூத்தும் மலிந்த விடுதி. என்.பி.சி. வானொலி அப்பாட்டை ஒலிபரப்ப மறுத்தது. நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கிராண்ட் ஓலே ஆப்ரி அரங்கும் முதலில் அதைப் பாட இடந்தரவில்லை. ஒழுக்கங் கருதி விதித்த தடை அது என்று அமைதி கூறுவார் உளர். அக்கூற்றை ஏற்பதற்கில்லை.

அது ஓர் எசப்பாட்டு என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். ஹாங்க் தாம்ப்சன் பாடிய ‘தி வைல்ட் சைட் ஆஃப் லைஃப்’ அதே ஆண்டில் 15 வாரங்கள் பில்போர்டு கன்ட்ரிப் பட்டியலின் முதலிடத்தில் வீற்றிருந்தது. தன்னை விட்டு விடுதி வாழ்வை நாடிய பெண்ணை அதில் ஒருவன் பழிக்கிறான். அத்தகையோரைக் கடவுளே படைத்தார் போலும் என்கிறான். அது தங்குதடையின்றி ஒலித்தது. கிட்டி வெல்ஸின் பாட்டோ, மணமான ஆடவர் மணமாகாதார்போல் திரிவதால் அன்றோ நல்ல பெண்கள் வழிதவறினர் என்று மறுமொழி கூறுகிறது. விடுதி ஒன்றே, பழியும் ஒன்றே. கூண்டில் நின்றவர் மாறியதும் ஒழுக்கம் விழித்துக்கொண்டது!

மெட்டின் கதை இதனினும் சுவையானது. 1929இல் கார்ட்டர் குடும்பத்தார் காதலேக்கப் பாட்டாக இசைத்தட்டில் பதிந்த மெட்டு அது. 1936இல் ராய் ஏகஃப் அதே மெட்டில் ‘தி கிரேட் ஸ்பெக்கிள்டு பேர்ட்’ என்னும் சமயப் பாடலைப் பதிவு செய்தார். ஆப்ரி அரங்கின் முதன்மைக் கலைஞராகவும் விளங்கினார். அம்மெட்டில் இறைவனைப் பாடலாம். ஆடவன் பெண்ணைத் தூற்றலாம். பெண் வாய்திறந்தால் மட்டும் அரங்கு தீட்டுப்படும் போலும்.

எழுதியவர் ஜே. டி. மில்லர் என்ற ஆடவர்தாமே, இதில் பெண்குரல் ஏது என்று மடக்குவாரும் உளர். மூன்று மக்களின் தாயான வெல்ஸ், புரட்சி எதையும் எண்ணிப் பாடினாரல்லர். பதிவுக்குரிய 125 டாலரைக் கருதியே இசைந்தார். அதனால் என்ன? நம் அகப்பாடல்களில் தலைவி கூற்றை யாத்தோர் பலர் ஆண்புலவரே. அது பற்றி அக்கூற்றைத் தலைவியினுடையதன்று என்று எவரும் தள்ளுவதில்லை. தடுத்தவர் அஞ்சியது எழுதிய கைக்கன்று, பாடிய வாய்க்கு.

பெண்பாடகியர் இசைத்தட்டு விலைபோகாது என்பது அந்நாளைய வணிகர் துணிபு. கேட்டவரோ வேறு தீர்ப்பளித்தனர். பாட்டு 6 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அப்பட்டியலின் தலைமையிடத்தைத் தனித்துப் பாடி எய்திய முதற்பெண் வெல்ஸே. ஆப்ரியும் மனம் மாறிற்று. 1976இல் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்திலும் அவருக்கு இடம் கிடைத்தது.

ஆயினும் அதற்கு முந்தைய ஆண்டிலேயே, லொரெட்டா லின் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பாடிய இசைத்தட்டை வானொலி நிலையங்கள் பல ஒதுக்கின. அதுவும் கன்ட்ரிப் பட்டியலில் 5ஆம் இடம்வரை ஏறிற்று.