காலியான கிளீனர் சீட்

சங்ககிரியில் எனக்கு இரண்டு லாரி ஓடுகிறது. நான் கிளீனராக ஏறி டிரைவரானவன். எங்கள் தலைமுறைக்குக் கிளீனர் சீட்தான் பள்ளிக்கூடம். டயரைத் தட்டிச் சத்தத்தில் காற்று பார்ப்பது, லோடு சரியாமல் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுப்பது எல்லாம் அங்கே படித்ததுதான். சம்பளம் சொற்பம், திட்டு தாராளம். ஆனால் ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்தபோது வேலை தெரிந்திருந்தது.

இன்று அந்த சீட் காலி. டீசலும் டோலும் போக மிஞ்சுவதில் இரண்டாவது ஆளுக்குப் பேட்டா கட்டுபடியாவதில்லை. நேஷனல் பெர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியும் 2018-ல் போய்விட்டது. புது டிரைவர் முதல் லோடிலேயே தனியாகக் கிளம்புகிறான்.

அரசுப் பயிற்சி இல்லாமல் இல்லை. கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் கனரக ஓட்டுநர் பயிற்சி தருகிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி அங்கீகாரம் பெற்ற மையங்களில் ஆறு வாரத்தில் 38 மணி நேரம். வகுப்பறைப் பாடமும் அதற்குள்தான்.

தருமபுரியிலிருந்து சேலம் வரும் லாரி தொப்பூர் கணவாயில் இறங்கியாக வேண்டும். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டு. இன்ஜின் பிடிப்பு போனதும் பாரம் முழுக்க பிரேக்கில் விழும். மிதிக்க மிதிக்க லைனர் சூடேறும், ஏர் இறங்கும். கடைசியில் மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏற எந்த கியரோ, இறங்கவும் அந்த கியர். இதைக் கரும்பலகையில் எழுதிப்போடலாம். காலுக்குப் புரிவது, முழு லோடோடு அந்தச் சரிவில், மூத்த டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான்.

ஆகவே லைசென்ஸோடு பயிற்சியை முடிக்காதீர்கள். புதியவரை மூன்று மாதம் அனுபவசாலியோடு சரக்கு லாரியில் அனுப்புங்கள். அவருக்குப் பேட்டாவையும், கற்றுக்கொடுப்பவருக்கு ஒரு தொகையையும் அரசு தரட்டும். ஸ்டீயரிங்கை விட்டு இறங்கிய பழைய டிரைவர்கள் எங்கள் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பயிற்சி மையங்களுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள்.

லாரிக்காரனுக்கு ஆள் பழக்க அரசுப் பணமா என்று கேட்பார்கள். ஒரு பங்கு நாங்களும் தருகிறோம். முழுவதையும் ஒன்றிரண்டு வண்டிக்காரன் தாங்க மாட்டான். பழக்கிய பையன் நாளைக்கே கூடுதல் சம்பளத்துக்கு வேறு வண்டி ஏறுவான். அதைத் தப்பு சொல்லவும் முடியாது. தொப்பூரில் பிரேக் பிடிக்காத லாரிக்கு முன்னால் போவது பெரும்பாலும் யாரோ ஒருவரின் காரும் பைக்கும்தான். டிரைவருக்கு ஒழுங்காகத் தொழில் கற்றுக்கொடுப்பதில் முதல் லாபம் அவர்களுக்கு. அதனால் பொதுப் பணத்தில் செய்வதே முறை.