காக்கும் சட்டமும் எங்கள் கடைவாசலுக்கு வர வேண்டும்: கோலார் தங்கவயல் சிறுவணிகர்களின் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
சிறுவணிகர்கள் சங்கம்,
ராபர்ட்சன்பேட்டை, கோலார் தங்கவயல்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கோலார் மாவட்டம், கர்நாடகம்.

நகல்: ஆணையர், ராபர்ட்சன்பேட்டை நகரசபை, காவல் கண்காணிப்பாளர், கே.ஜி.எஃப். காவல் மாவட்டம், வணிக வரித்துறை அலுவலர், தாலுகா சட்டப் பணிகள் குழு.

பொருள்: உரிமம், வரி நோட்டீஸ், கடை வாடகை, கந்துவட்டி, தெருவோர வணிகம் ஆகியவற்றில் சிறுவணிகர்கள் சந்திக்கும் சட்டச் சிக்கல்களைத் தீர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது இந்த ஊருக்கு வேறு தொழில் காட்டப்படவில்லை. இளையவர்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். போக முடியாதவர்கள் கடை வைத்தார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்த பணத்தில் மளிகைக் கடை போட்டவர்கள், சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டுத் திண்ணையில் தையல் மெஷின் வைத்தவர்கள், இட்லிக் கடை, பூக்கடை, சைக்கிள் கடை, செல்போன் பழுது பார்க்கும் கடை நடத்துகிறவர்கள் என, 120 ஆண்டுச் சுரங்கம் விட்டுப்போன பள்ளத்தை இந்தச் சிறுகடைகளே நிரப்பியிருக்கின்றன. அவர்கள் சார்பில் இந்த மனுவை அளிக்கிறோம்.

சட்டத்திலிருந்து விலக்குக் கேட்டு நாங்கள் வரவில்லை. சிறுவணிகரைத் தண்டிக்கும் சட்டப் பிரிவுகள் எங்கள் கடைக்குத் தவறாமல் வந்து சேர்கின்றன. காப்பாற்றும் பிரிவுகள் வந்து சேர்வதில்லை. எங்கள் குறை இதுதான்.

முதலில் நிலம், உரிமம். எங்களில் பலருடைய கடை, மாரிக்குப்பம் முதல் ஊரிகாம் வரை சுரங்க நிலத்தில் நிற்கிறது. நிலம் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பெயரில். அந்த நிறுவனமோ மத்தியச் சுரங்க அமைச்சகத்தின் கீழ். மூன்று தலைமுறையாக அதே லைனில் வாழ்கிறவரிடம் அந்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதம் இல்லாததால் தொழில் உரிமம் கிடைப்பதில்லை. உரிமம் இல்லாததால் வங்கி கடன் தருவதில்லை. வங்கி கைவிட்டவரைத் தண்டல்காரர் தேடி வருகிறார். காலையில் 9,000 ரூபாய் கொடுத்து நூறு நாளில் 10,000 ரூபாயாக வாங்கிக்கொண்டு போவது இங்கே மிதமான வட்டி என்று பெயர் பெற்றுவிட்டது. அதற்கும் மேலே, நேரம் போகப் போக ஏறும் மீட்டர் வட்டி இருக்கிறது. இத்தனைக்கும் தொடக்கம் ஓர் அத்தாட்சிக் காகிதம் இல்லாததுதான் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறோம். நில உரிமைப் பிரச்சினை மத்திய அரசும் மாநில அரசும் பேசித் தீர்க்க வேண்டியது. அது தீரும் நாளை நாங்கள் சொல்ல முடியாது. ஆனால் தொழில் உரிமம் நில உரிமை ஆகாது. மின்கட்டண ரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை இவற்றை முகவரிச் சான்றாக ஏற்று, 'இந்த உரிமத்தால் நிலத்தின் மீது எந்தப் பாத்தியதையும் வராது' என்று அதிலேயே அச்சிட்டு உரிமம் வழங்கலாம். அரசுக்கு இழப்பில்லை, கட்டணமும் வரும். இதை எங்கள் முதல் கோரிக்கையாக வைக்கிறோம்.

தண்டலில் சிக்கியவர்களின் நிலை தனியாகச் சொல்ல வேண்டியது. கடன் தரும்போதே தொகை எழுதாத காசோலையில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். தவணை தவறினால் மனம்போன தொகையை எழுதி வங்கியில் போட்டு, செலாவணி முறிச் சட்டம் 138ஆம் பிரிவில் வழக்குப் போடுகிறார்கள். நோட்டீஸ் கையில் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்ட வேண்டும்; தவறினால் வழக்கு; நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ காசோலைத் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதமோ விதிக்கலாம். இந்தப் பயத்திலேயே கடையை விற்றவர்கள் உண்டு. ஆனால் 2025இல் கர்நாடக அரசு கொண்டுவந்த குறுங்கடன், சிறுகடன் வன்முறை வசூல் தடுப்புச் சட்டம், பதிவு செய்யாத வட்டிக்காரர் நலிந்த பிரிவினருக்குக் கொடுத்த கடன் வட்டியோடு தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது. மிரட்டி வசூலித்தால் பத்து ஆண்டு வரை சிறை. புகாரைப் பதிவு செய்யக் காவல் நிலையம் மறுக்கக்கூடாது. இவ்வளவு பலமான ஒரு சட்டம் இருப்பது எங்கள் உறுப்பினர்களில் மிகப் பலருக்குத் தெரியாது. கே.ஜி.எஃப். காவல் மாவட்டத்தின் ஒவ்வொரு நிலைய வாசலிலும் இதைக் கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். பதிவு பெற்ற வட்டிக்கடைகளின் பட்டியலையும் அதே இடத்தில் ஒட்ட வேண்டும்.

அடுத்தது ஜிஎஸ்டி. 2025 ஜூலையில் யுபிஐ வரவுகளைக் கணக்கிட்டு வணிக வரித்துறை மாநிலம் முழுவதும் அனுப்பிய நோட்டீஸ்களைத் தாங்கள் அறிவீர்கள். பல இடங்களில் கடைக்காரர்கள் க்யூஆர் கோடு அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ரொக்கம் மட்டுமே வாங்கினார்கள். ஜூலை 25 கடையடைப்பு அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே முதலமைச்சர் சித்தராமையா அவர்கள் வணிகர் பிரதிநிதிகளைச் சந்தித்து, பழைய பாக்கி வசூலிக்கப்படாது, இனிப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்புக்கு நன்றி சொல்கிறோம். பயம் மட்டும் இன்னும் போகவில்லை.

பொருள் விற்பவர் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டிய வரம்பான ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை என்பது நாளொன்றுக்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். அரிசியும் எண்ணெயும் பருப்பும் விற்கும் ஒரு நடுத்தர மளிகைக் கடையில் இந்தத் தொகை புரளும். அதில் கடைக்காரர் வீட்டுக்கு எடுத்துப்போவது சில நூறு. மேலும் ஒரே செல்போன் எண்ணுக்குத்தான் கடை வரவும் வருகிறது, பெங்களூரில் வேலை செய்யும் மகன் அனுப்பும் பணமும் வருகிறது, சீட்டுப் பணமும் வருகிறது. இவை எல்லாவற்றையும் கூட்டி விற்பனை என்று எழுதுவது நியாயமில்லை. காய்கறி, பழம், பால் இவற்றுக்கு வரியே கிடையாது. வரிவிலக்குப் பொருளை மட்டும் விற்கிறவர் பதிவு செய்யவே தேவையில்லை என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. வரி உள்ள பொருள் விற்கிறவருக்கும், ஒன்றரைக் கோடி வரை ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போகும் தொகுப்புத் திட்டம் இருக்கிறது. ஆனால் அதில் முன்கூட்டியே சேர வேண்டும். தெரியாமல் இருந்துவிட்டு நோட்டீஸ் வந்தபின் பழைய ஆண்டுகளுக்கு அதில் சேர முடியாது; சட்டப்படி அவற்றுக்கு முழு வரி, வட்டி, அபராதம் எல்லாம் வரும். தெரியாமைக்கு இவ்வளவு பெரிய விலை இருக்கும்போது, தெரியப்படுத்துவது துறையின் கடமையாகிறது. எனவே ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் மாதம் ஒருமுறை தமிழ் பேசும் அலுவலரோடு முகாம் நடத்த வேண்டும். நோட்டீஸ் அனுப்புமுன் விற்பனை வரவையும் சொந்த வரவையும் பிரித்துக் காட்ட வாய்ப்புத் தர வேண்டும்.

நகரசபைக் கடைகளைப் பற்றி. அப்பா பெயரில் எடுத்த கடையை மகன் நடத்துகிறார். மகன் காலமானபின் அவர் மனைவி நடத்துகிறார். குத்தகைப் பதிவேட்டில் இன்னும் அந்த அப்பாவின் பெயரே இருக்கும். மறு ஏலம் என்ற பேச்சு வந்ததும் இவர்கள்தான் 'அத்துமீறி இருப்பவர்' ஆகிறார்கள். வாரிசுப் பெயர் மாற்றத்துக்கு ஒரு காலக்கெடு வைத்து, முகாம் போட்டு முடித்துக்கொடுங்கள். யாரையும் காலி செய்யச் சொல்லுமுன், 1974ஆம் ஆண்டுப் பொது இடங்கள் சட்டப்படி காரணம் கேட்கும் நோட்டீஸும் விசாரணையும் எழுத்தில் ஆணையும் இருக்க வேண்டும். அந்த ஆணையை எதிர்த்து மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம் என்ற வரியும் அதிலேயே இருக்க வேண்டும்.

கூடையிலும் தள்ளுவண்டியிலும் விற்கிறவர்களுக்கு 2014 முதல் தனிச்சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பறித்த சரக்கு அழுகக்கூடியதானால் திருப்பிக் கேட்ட அன்றே, மற்றதானால் கேட்ட இரண்டு வேலை நாளுக்குள் கட்டணம் பெற்றுத் திருப்பித் தர வேண்டும். நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதம் பேர் தெருவோர வணிகர்களாக, அவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். மக்கள்தொகையில் இரண்டரை சதவீதம் பேர்வரை இடம் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. 2011 கணக்கின்படி ஒன்றரை லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நம் ஊரில் அது சுமார் 4,000 பேர். இந்தக் கணக்கெடுப்பை முழுமையாக நடத்தி, பெயர்ப் பட்டியலை வார்டு வாரியாக ஒட்ட வேண்டும். பூ விற்கும் அம்மாக்கள் இதில் விடுபடக்கூடாது. காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறவர்களைக் கணக்கெடுப்பவர் பார்ப்பதே இல்லை.

தமிழ் பேசுகிறவர்களாக, மொழியைப் பற்றியும் மனம்விட்டுச் சொல்கிறோம். கன்னடம் எங்கள் மாநிலத்தின் மொழி. எங்கள் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். கடைப் பலகையில் அறுபது சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறோம். மீதி இடத்தில் தமிழ் எழுதத் தடையில்லை என்று ஒரு தெளிவான சுற்றறிக்கை மட்டும் போதும். ஆனால் தமிழ்வழிப் பள்ளியில் படித்த அறுபது வயதுக் கடைக்காரருக்குக் கன்னடத்தில் வரும் நோட்டீஸை யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கத் தெரிந்த மகன் இரவு ஒன்பது மணி ரயிலில்தான் திரும்புகிறான். கெடு அதற்குள் ஓடிக்கொண்டிருக்கும். மொழிச் சிறுபான்மையினர் கணிசமாக வாழும் நகரசபைகளில் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிடலாம் என்று மத்திய அரசின் 1956ஆம் ஆண்டுக் குறிப்பாணை சொல்கிறது. குறைகளை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதித் தரலாம் என்பது அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு. நோட்டீஸோடு ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும், பதில் தர வேண்டிய கடைசி நாளும் பெரிய எழுத்தில் இருந்தால், பாதி வழக்குகள் தொடங்கவே மாட்டா.

இறுதியாக வழக்கறிஞர் செலவு. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. தங்கவயல் வணிகர்களில் பலர் இதற்குள் வந்துவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள், கடை அடைத்தபின் மாலை நேரத்தில், மார்க்கெட் பகுதியிலேயே ஒரு சட்ட உதவி மேசை போட வேண்டுகிறோம். அதற்கான இடமும் மேசையும் விளக்கும் எங்கள் சங்கமே தரும்.

இவற்றைப் பேச 30 நாளுக்குள் மேற்கண்ட அலுவலர்களையும் எங்கள் பிரதிநிதிகளையும் ஒரே கூட்டத்தில் அழைத்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான அலுவலர் பெயரையும் முடிக்கும் தேதியையும் கூட்டக் குறிப்பில் பதிவு செய்து, அதன் நகலை எங்களுக்குத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் செவ்வாய்க்கிழமை வைத்தால் எங்கள் உறுப்பினர்கள் கடையை அடைத்துவிட்டு வரத் தயார்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: உறுப்பினர் கையெழுத்துப் பட்டியல், பெயர் மாற்றம் நிலுவையிலுள்ள கடைகளின் விவரம், தெருவோர வணிகர்களின் வார்டு வாரிப் பட்டியல்.