கையெழுத்துப் போட்டவன் எங்கே?

2015 ஏப்ரல் 7. சேஷாசலம் காட்டில் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். பலர் மலைவாழ் பழங்குடிகள். ‘கடத்தல்காரர்கள்’ என்று அச்சடித்தார்கள். கோடாரி பிடித்தவனா கடத்தல்காரன்?

தோழர்களே, செம்மரம் சீனா போய்ச் சேர செக்போஸ்ட், குடோன், கஸ்டம்ஸ், துறைமுகம் என்று எத்தனை மேசை தாண்டணும்! கை நீட்டாமலா கன்டெய்னருக்குக் கதவு திறந்தது? வங்கியில் பேரேடு புரட்டிப் பிழைக்கிறவன் நான் (இதை எழுதினதுக்கு மெமோ வந்தாலும் வரட்டும்). பணம் தடமில்லாமல் போகாது. சரக்கு பிடிபட்டால் ஏற்றுமதியாளன், ஏஜெண்ட் கணக்கை முடக்கு. பார்த்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்ட அதிகாரியின் சொத்தைத் தோண்டு. சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2005லேயே அமலுக்கு வந்தாச்சு. கூலிக்குத் தோட்டா, இவர்களுக்கு என்ன?