கொழுந்தில்லாத மலையில் நிறுத்திக் கிலோ கேட்கிறார்கள்



உயர்தரப் பெறுபேறு வந்த வாரம் எங்கள் காரியாலயத்துக்கு ஒரு தாய் வந்தார். மலையிலிருந்து நேரே வந்தவர். இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. பின்னால் மகள் நின்றாள். தாள் தாயின் கையில் இருந்தது. உயிரியலில் ஏ, இரசாயனவியலில் பி, பௌதிகவியலில் எஸ்.

“புள்ளைக்கு டாக்டராகணுமாம். இந்த ரிசல்ட்டுக்கு எழுதிப் போடலாமா? இல்ல, கொழும்புல கடைக்கு அனுப்பச் சொல்றாங்க, அனுப்பிறவா?”

அந்தப் பிள்ளையிடம் பௌதிகவியல் எஸ் எப்படி வந்தது என்று கேட்டோம். 12ஆம் தரத்தில் ஒரு ஆசிரியர் இருந்தார். நடுவில் இடமாற்றம் கிடைத்துப் போய்விட்டார். அடுத்தவர் வரவேயில்லை. கடைசி மாதங்களில் சனிக்கிழமை பஸ் ஏறி டவுனுக்கு டியூஷன் போனாள். தாய்க்கு வேலை நாள் குறைந்த மாதத்தில் அதுவும் நின்றது. மிச்சத்தைப் பழைய வினாத்தாள்களை வைத்துத் தானே படித்தாள்.

அப்படியானால் அந்த எஸ் யாருடைய மார்க்? பிள்ளையுடையதா, ஆசிரியர் அனுப்பாத கல்வி அதிகாரிகளுடையதா?

கொழுந்தில்லாத மலையில் நம்மை நிறுத்திவிட்டு, பின்னேரம் தராசில் கிலோ எங்கே என்று கேட்டு அரைப்பேர் போடுகிற வித்தை நமக்குப் புதிதல்ல. அதே வித்தையை இப்போது நம் பிள்ளைகளிடம் காட்டுகிறார்கள். ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, ஆனால் மார்க் மட்டும் கொழும்பு, கண்டிப் பெரிய பாடசாலைகளுக்குச் சமமாக வர வேண்டுமாம்.

இந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் ஒரே தடவையில் சித்தி வேண்டும். இந்த வருடம் ஒன்று, அடுத்த வருடம் ஒன்று என்று சேர்க்க முடியாது. ஆனால் சித்தி மட்டும் போதாது, இடத்தைத் தீர்மானிப்பது இசட் புள்ளி. ஒவ்வொரு பாடத்திலும் உங்கள் பிள்ளை முழு நாட்டுச் சராசரிக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்த்து, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்கிறார்கள். ஆகவே ஒரு பாடத்துக்கு ஆசிரியர் இல்லாவிட்டால் மற்ற இரண்டில் பிள்ளை பட்ட பாடும் கீழே இழுக்கப்படும். கொழும்புப் பிள்ளையின் தாளில் மூன்று பாடமும் ஒரே மட்டத்தில் இருக்கும். நம் பிள்ளையின் தாள் மேடும் பள்ளமுமாக இருக்கும். எந்த வருடம் எந்த ஆசிரியர் இருந்தார் என்பதை அந்தத் தாளைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இது நேற்று வந்த பள்ளம் அல்ல. 1940களில் இந்த நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகளை வெளியே நிறுத்தினார்கள். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். எழுபதுகளில்தான் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. இன்றைக்கும் நம் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. விஞ்ஞானம் படிக்க 1 ஏபி பாடசாலை வேண்டும். அது டவுனில் இருக்கிறது. விடியற்காலை எழும்பி, தோட்டத்து ரோட்டில் நடந்து, பஸ் பிடித்துப் போகிற பிள்ளைக்கும், பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ள பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள்.

“உங்களுக்குத்தான் மாவட்டக் கோட்டா இருக்கிறதே” என்று சிலர் சொல்வார்கள். அதையும் பேசுவோம். 100 இடத்தில் 40 நாடு முழுவதற்கும் பொதுவான திறமை அடிப்படையில் போகிறது. 55 மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்த 16இல் உண்டு. கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை இல்லை. அங்கேயும் லயம் இருக்கிறது, அங்கேயும் அதே கொழுந்து, அதே ரப்பர். ஆனால் கலஹாவில் லயத்துக் காம்பராவில் படிக்கிற பிள்ளையும் கண்டி நகரத்துப் பிரபல பாடசாலைப் பிள்ளையும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி.

நுவரெலியாவிலாவது நியாயம் கிடைக்கிறதா? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் நம்மவர்கள். இடங்களைப் பிரிக்க நம் தலைகளை எண்ணுகிறார்கள். அந்த இடங்களில் போய் உட்காருவது யார்? பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டு எந்த மாவட்டத்தில் படித்தாரோ அதுதான் மாணவரின் மாவட்டம் என்கிறது விதி. ஆனால் வெளி மாவட்டத்துப் பிள்ளைகளின் பேர் இங்கே பதிவேட்டில் இருக்க, படிப்பு வேறு ஊரில் நடக்கிறது என்ற முறைப்பாடு மலையகம் முழுக்கப் பல வருடமாகக் கேட்கிறது. பிரட்டுக்கு வராதவருக்குக் கணக்கப்பிள்ளை பேர் போடுவாரா? நாம் ஒரு நாள் வராவிட்டால் சம்பளத்தில் தெரியும். பாடசாலைப் பதிவேட்டில் மட்டும் வராதவருக்கு எப்படிப் பேர் விழுகிறது? அந்தப் பிள்ளைகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. கையெழுத்துப் போடுகிற பெரியவர்களிடம்தான் கணக்குக் கேட்கிறோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “புள்ளி குறைந்தவர்களை டாக்டராக்கினால் நோயாளியின் கதி என்ன?” என்று கவலைப்படுகிறது. நோயாளியின் கதி பற்றி நம்மிடமா பேசுகிறீர்கள்? முழுத் தகுதி பெற்ற டாக்டர் இல்லாமல் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிக் காலம் கழித்தவர்கள் நாம். பிரசவ வலியோடு லொறியில் போனவர்கள் நாம். ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று தமிழில் சொல்லத் தெரிந்தும், கேட்கிறவருக்கு விளங்காமல் திரும்பி வந்தவர்கள் நாம். மருத்துவ பீடத்துக்குள்ளே போன பிறகு கோட்டா கிடையாது. எல்லோருக்கும் ஒரே பரீட்சை, ஒரே சித்தி. அதுவும் ஆங்கிலத்தில். அதில் தேறி, ஐந்து வருடம் படித்து, ஒரு வருடம் உள்ளகப் பயிற்சியும் முடித்து வருகிற பிள்ளையை யார் குறை சொல்வது? நாம் கேட்பது சித்தியைக் குறைக்கும்படி அல்ல. வாசல் வரை போகிற பாதையைப் போட்டுத் தரும்படிதான் கேட்கிறோம்.

பணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக 2021 வரை போராட வேண்டியிருந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது 2024இல். மூன்று பாடத்துக்கு டியூஷன் காசு, பஸ் காசு, புத்தகக் காசு எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு எத்தனை பேர் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளையின் படிப்புக்கும் நம் சம்பளப் போராட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

எங்கள் குறையையும் சொல்லத்தான் வேண்டும். சந்தா வாங்குகிற சங்கங்கள் எல்லாம், நாங்களும் சேர்த்துத்தான், கோயிலுக்குத் தகரம், கழகத்துக்குப் பந்து, தேர்தலுக்கு மேடை என்று ஓடியிருக்கிறோம். பக்கத்துப் பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இருக்கிறாரா என்று எத்தனை தோட்டக் கமிட்டி விசாரித்தது? சம்பளத்தில் ஒரு ரூபா குறைந்தால் வேலைநிறுத்தம் பேசுகிறோம். ஒரு வருடம் ஆசிரியர் இல்லாவிட்டால் பேசாமல் இருக்கிறோம். அந்தப் பேசாத வருடம்தான் எஸ் ஆக வந்து நிற்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம்.

பெற்றோருக்கு: முதல் தடவைப் பெறுபேற்றைப் பார்த்துப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகத்துக்காக மூன்று தடவை பரீட்சை எழுதலாம். நம் பிள்ளைகளில் பலருக்குப் பாடம் பிடிபடுவதே இரண்டாம் தடவையில்தான். அதே நேரத்தில் இந்த வருட விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். பெறுபேறு வந்த பிறகு அதற்குச் சில வாரங்களே கிடைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை எடுத்து, மருத்துவத்தோடு நிறுத்தாமல் பல் வைத்தியம், தாதியியல், மருந்தகவியல், கதிரியக்கம், இயன்மருத்துவம், சித்த வைத்தியம் என்று பிள்ளைக்கு விருப்பமானவற்றை வரிசையாகப் போடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. லட்சக்கணக்கில் கேட்பார்கள் என்று பயந்து ஒதுங்காதீர்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல, பேர்சரி உதவிகளும் உண்டு.

தோட்டக் கமிட்டிகளுக்கும் மாதர் கமிட்டிகளுக்கும்: உங்கள் தோட்டத்தில் உயர்தர விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளின் பேரை எழுதி வையுங்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆசிரியர் இல்லை என்பதையும் எழுதுங்கள். அந்தக் கணக்கோடு வாருங்கள். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு முன்னால் நாங்களும் உங்களோடு வந்து நிற்கிறோம்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது நான்கு:

1. தோட்டப் பிள்ளைகள் படிக்கிற ஒவ்வொரு 1 ஏபி பாடசாலையிலும் மூன்று விஞ்ஞானப் பாடத்துக்கும் ஆசிரியர் இருக்க வேண்டும். பதில் ஆள் வரும்வரை இடமாற்றம் வேண்டாம்.

2. பின்தங்கிய நிலையை மாவட்டத்தை மட்டும் வைத்துப் பார்க்காமல் பாடசாலையையும் வைத்துப் பார்க்க வேண்டும். கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறைத் தோட்டப் பிள்ளைகளும் அதில் அடங்க வேண்டும்.

3. மலையகப் பாடசாலைகளின் உயர்தரப் பதிவேடும் வரவும் வெளிப்படையாகச் சோதிக்கப்பட வேண்டும்.

4. தூரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, விஞ்ஞானப் பாடசாலைகளுக்கு அருகில் விடுதி வேண்டும்.

அந்தத் தாய்க்கு நாங்கள் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறோம். விண்ணப்பத்தைக் காரியாலயத்திலேயே உட்கார்ந்து நிரப்பினோம். முதல் விருப்பம் மருத்துவம். இந்த முறை புள்ளி எட்டாது என்று பிள்ளைக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். இரண்டாம் தடவைக்கும் அவள் பதிந்துவிட்டாள். சங்கத்துப் பிள்ளை ஒருவர், பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிப்பவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுக்கிறார். அவளோடு சேர்ந்து இன்னும் நான்கு பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள்.

இது ஆசிரியர் இல்லாத குறைக்கு நாம் போடுகிற ஒட்டு மட்டுமே. அந்தக் குறையைத் தீர்க்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு காரியாலயங்களில் இருக்கிறார்கள். அடுத்த மாதம் அவர்களைப் பார்க்கப் போகிறோம். உங்கள் தோட்டத்துக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள்.