விசாரணை இல்லாமல் சிறை வேண்டாம்: குண்டர் சட்டம் குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், சட்டமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும், ஒன்றிய அரசுக்கும் நாங்கள் முன்வைப்பது:

'குண்டாஸ் போட்டாச்சு' என்று செய்தி வந்தால் ஊரில் பாதிப் பேருக்கு நிம்மதி. மாமூல் கேட்டு மிரட்டியவன் ஓராண்டுக்கு வெளியே வரமாட்டான். அந்த நிம்மதியை நாங்கள் கேலி செய்யவில்லை. ரவுடியின் தெருவில் கடை வைத்திருப்பவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். ஆனால் அவருக்கு வேண்டியது ஒழுங்கான புலனாய்வு, சாட்சிக்குப் பாதுகாப்பு, சீக்கிரம் தீர்ப்பு. அவர் பெயரைச் சொல்லி அரசு எடுத்துக்கொண்டிருப்பதோ வேறு அதிகாரம். குண்டர் சட்டம் எனப்படும் 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ கையெழுத்துப் போட்டாலே காவல் தொடங்கிவிடும். தண்டனைத் தீர்ப்பு எதுவும் இல்லாமலே ஒருவரை 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம், அவர் இனிமேல் ஏதாவது செய்துவிடக்கூடும் என்று சொல்லி.

கள்ளச்சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று தொடங்கிய சட்டம் இது. பிறகு திருட்டு வீடியோ, மணல் கடத்தல், இணையக் குற்றம், பாலியல் குற்றம் என்று ஆட்சிக்கு ஆட்சி பட்டியல் நீண்டது. சுருக்கிய ஆட்சி ஒன்றுகூட இல்லை.

இந்த அதிகாரம் எங்கே போய் நிற்கும் என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியாததல்ல. அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்த 1950இலேயே, தடுப்புக் காவலை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன ஏ.கே. கோபாலனின் வழக்கு சென்னை மாநில அரசுக்கு எதிரானதுதான். அதில் அவர் தோற்றார். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் உள்ளே போனார்கள். சென்னை மத்திய சிறையில் அடிபட்டவர்களில் ஒருவரான சிட்டிபாபு 1977இல் இறந்தார். அந்தச் சிறைக் கொடுமையை விசாரிக்க நீதிபதி இஸ்மாயில் ஆணையமே அமைந்தது. மிசாவை மேடைதோறும் நினைவுகூரும் கட்சியும் சரி, அதன் எதிர்க்கட்சியும் சரி, கோட்டைக்குள் போனதும் குண்டர் சட்டத்தை விடவில்லை.

2017இல் அரசின் திட்டங்களை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவி மீது இச்சட்டம் பாய்ந்தது. மெரினாவில் ஈழத்தமிழருக்கு நினைவேந்தல் நடத்த முயன்றவர்கள் மீதும் பாய்ந்தது. 2023 நவம்பரில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்து மேல்மாவில் போராடியவர்களில் 7 பேர் மீது ஆணை வந்தது; எதிர்ப்பு கிளம்பியதும் 6 பேர் மீதான ஆணையை அரசே திரும்பப் பெற்றது. சில நாள் முன்பு வரை பொது ஒழுங்குக்கு ஆபத்தானவர்கள் அதற்குள் எப்படிச் சாதுவானார்கள்?

சாதாரணச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வேறு, பொது ஒழுங்கு குலைவது வேறு என்று ராம் மனோகர் லோகியா வழக்கில் 1960களிலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லிவிட்டது. குற்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் பொது ஒழுங்கு கெட்டுவிட்டதாகாது. காவல் நிலையங்கள் இதைப் படிக்கவே இல்லைபோலும்.

எனவே எங்கள் முதல் கோரிக்கை, இச்சட்டத்தை நீக்குங்கள். ஜாமீனில் வந்தவர் சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்துசெய்யக் கேட்க வழி இருக்கிறது. நன்னடத்தைப் பிணை வாங்க வழி இருக்கிறது. அந்த வேலையைச் செய்யச் சோம்பல்பட்டு ஆட்சியர் கையெழுத்தை நாடக் கூடாது.

நீக்கும்வரை காத்திருக்க முடியாத சில உண்டு. போராட்டம், பேச்சு, எழுத்து, துண்டறிக்கை ஆகியவற்றுக்காக எவர் மீதும் தடுப்புக் காவல் ஆணை போடக் கூடாது என்று அரசாணை இன்றே வரலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

கைதானவருக்கு 5 நாளுக்குள் காரணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். கொடுக்கிறார்கள், கட்டுக் கட்டாக. நகலின் நகலாக எழுத்து கலங்கிய பக்கங்கள்; தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு ஆங்கிலத்தில் ரிமாண்ட் உத்தரவு. நடுவே ஊருக்கு ஊர் மாறாத ஒரு வாக்கியம்: இதுபோன்ற வழக்கில் வேறொருவருக்கு ஜாமீன் கிடைத்துள்ளது, ஆகவே இவருக்கும் கிடைக்கும். எந்த வழக்கு, யாருக்கு ஜாமீன் என்ற விவரமே இல்லாமல் இப்படி எழுதியதால்தான் தமிழ்நாட்டின் ஓர் ஆணையை 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகும் படிவம் மாறவில்லை. படிக்கத் தெளிவாக, தெரிந்த மொழியில், அந்த ஆளைப் பற்றியே எழுதிய காரணங்கள் வேண்டும்.

தடுப்புக் காவல் ஆணைகளை ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வேண்டும். இப்போது கைதி தனியாகவோ குடும்பத்தாரோடோ போய் நிற்கிறார், எதிரே நீதிபதிகள் அமர்ந்திருக்க. வக்கீலும் இல்லை அப்பீலும் இல்லை என்று 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்தவர்களின் நாட்டில் இது நடக்கிறது.

ஆட்கொணர்வு மனுக்களுக்குக் காலக்கெடு வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தைப் பணிவுடன் கேட்கிறோம். ஆணைகள் அடுத்தடுத்து ரத்தாகத்தான் செய்கின்றன. ஆனால் மனு விசாரணைக்கு வருவதற்குள் பலர் பாதித் தண்டனையை அனுபவித்துவிடுகிறார்கள். ரத்தான ஆணை ஒவ்வொன்றுக்கும் அடைபட்டவருக்கு இழப்பீடு வேண்டும்; கையெழுத்திட்ட அதிகாரியின் பணிப்பதிவேட்டில் அது ஏற வேண்டும். கையெழுத்துக்கு விலை இல்லாதவரை கையெழுத்து நிற்காது.

எந்த மாவட்டத்தில் எத்தனை ஆணைகள், எத்தனை ரத்து என்ற கணக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கவும் வேண்டும்.

ஒன்றிய அரசிடம் கேட்பது ஒன்றுதான். நெருக்கடி நிலையின் பாடத்தால் 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், அறிவுரைக் கழகத்தைக் கேட்காமல் அடைத்து வைக்கும் காலத்தை 3 மாதத்திலிருந்து 2 மாதமாகக் குறைத்தது. அக்கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்கவும் சொன்னது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தப் பிரிவை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை இன்றுவரை வெளிவரவில்லை. எல்லா நிறத்து அரசுகளும் தில்லியில் வந்து போய்விட்டன. உடனே அறிவிக்கை வெளியிடுங்கள்.

இதைப் படிப்பவர்கள் உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் இச்சாசனத்தைக் கொடுத்து, எந்தக் கோரிக்கையை ஏற்கிறார், எதை மறுக்கிறார் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.