நெட் மெதுவாக இருந்தால் வேலை நிற்க வேண்டுமா?

“முத்தியால்பேட்டையில் பழைய காலத்து வீட்டில் குடியிருக்கிறோம். நிலம் பாகூரில். ஃபைபர் இணைப்பு இருந்தும், பின்கட்டில் நெட் நகரவே மாட்டேன் என்கிறது. மகளின் படிப்பு, பயிருக்கு யோசனை கேட்பது எல்லாம் தடைபடுகிறது. கூடுதல் வேக பிளானுக்கு மாறினால் சரியாகுமா?”
- வாசகி, புதுச்சேரி

பணம் கட்டும் முன், குறை எங்கே என்று பாருங்கள். கிணற்றில் தண்ணீர் இருந்தும் கடைசி வயலுக்கு எட்டவில்லை என்றால், மோட்டாரை மாற்றும் முன் வாய்க்காலில் எங்கே அடைப்பு என்றுதானே பார்ப்போம்? அதே கதைதான் இதுவும்.

முதலில் வைஃபை பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, மற்ற போன்களை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். பிறகு பின்கட்டில் சோதியுங்கள். பெட்டி அருகே நன்றாக இருந்து, பின்கட்டில் மட்டும் விழுந்துவிட்டால் குறை வீட்டுக்குள்தான். பிளானை மாற்றினாலும் பெரிய பயன் இருக்காது.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர்கள் நல்ல கனம். வைஃபை அலை அவற்றைத் தாண்டும்போது வலுவிழந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் பெட்டி வாசல் பக்கத்து மூலையில், டிவிக்குப் பின்னால் இருக்கும். அதை வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மேல் மாற்றச் சொல்லுங்கள். இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ் பக்கத்தில் வேண்டாம். உங்கள் பெட்டி இரண்டு பெயரில் வைஃபை காட்டினால், 5 ஜி என்று முடியும் பெயர் பக்கத்து அறைக்கு மட்டும் வேகமானது. சுவர் தாண்டிப் போவதற்கு மற்ற பெயரே (2.4 கிகாஹெர்ட்ஸ்) நல்லது. இதற்கும் சரிவராவிட்டால், ஒரு கேபிளைப் பின்கட்டுக்கு இழுத்து அங்கே இன்னொரு சிறிய பெட்டி வைப்பதுதான் நிலையான தீர்வு.

பெட்டி அருகிலும் வேகம் இல்லை என்றால் குறை லைனில். கம்பெனிக்குப் போன் செய்து புகார் எண் கட்டாயம் வாங்குங்கள். சரிசெய்யவில்லை என்றால், அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். கட்டணம் கிடையாது. இந்தியாவில் ‘பிராட்பேண்ட்’ என்று சொல்ல, பதிவிறக்க வேகம் நொடிக்கு குறைந்தது 2 மெகாபிட் இருக்க வேண்டும் என்று 2023-ல் விதி வந்தது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பிளானில் சொல்வது மெகாபிட். ஃபைலின் அளவு மெகாபைட். 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ‘40 மெகாபிட்’ பிளானில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். அதை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம்.

“எங்கள் ஊரில் ஃபைபர் லைனே இல்லை. செல்போன் சிக்னலும் ஒரு கோடுதான். நாங்கள் என்ன செய்வது?”
- வாசகர், ஏம்பலம்

உங்கள் ஊரே இதற்கு வழிகாட்டிய ஊர்! 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வில்லியனூரை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலத்தில் அந்த மையம் கோயில் இடத்தில் நடந்தது. அன்று பல கிராமங்களில் டெலிபோன் லைனே சரியில்லை, மின்சாரமும் நின்று நின்று வரும். அதனால் வயர்லெஸ் ரேடியோ மூலம் கம்ப்யூட்டர்களை இணைத்தார்கள், சோலார் தகடு வைத்தார்கள். வில்லியனூரில் ஓர் இடத்தில் மட்டும் தகவலை இறக்கி, தமிழில் எழுதி, கிராமங்களுக்கு அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் கடல் அலை உயரத்தை இணையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நெட் வந்தது ஒரு கம்ப்யூட்டருக்கு. பயன் மொத்த குப்பத்துக்கும்!

அந்தப் பழக்கம் 2004 சுனாமியில் உயிர் காத்தது. சிங்கப்பூரில் இருந்த நல்லவாடு ஊர்க்காரர் ஒருவர் ஆபத்தை அறிந்து போனில் எச்சரித்தார். ஊரில் இருந்த மையத்தின் ஒலிபெருக்கியில் அது அறிவிக்கப்பட்டது. மக்கள் வெளியேறித் தப்பினார்கள். வேகமான நெட் அல்ல, வந்த ஒரு செய்தியை எல்லாருக்கும் சேர்த்த ஏற்பாடுதான் அங்கே காப்பாற்றியது.

இன்றும் அதையே செய்யலாம். இரவு 7 முதல் 11 மணி வரை ஊரே வீடியோ பார்க்கும், சிக்னல் நெரிசலாகும். விடியற்காலையில் காலியாக இருக்கும். நாம் எழும் நேரமும் அதுதானே? பிள்ளையின் பாட வீடியோ, பயிற்சி வீடியோ எல்லாவற்றையும் அப்போதே இறக்கி வைத்துவிடுங்கள். குறைந்த தரத்தில் இறக்கினாலே போதும். தெருவில் நல்ல சிக்னல் கிடைக்கும் ஒருவர் இறக்கினால், புளூடூத் வழியாகவோ மெமரி கார்டிலோ மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு நெட் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை செட்டிங்ஸில் நிறுத்திவையுங்கள். அதிலும் டேட்டா வீணாகப் போகிறது.

பயிர் நோய்க்கு யோசனை கேட்க வீடியோ கால் வேண்டாம். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், முழுப் பயிர் என மூன்று போட்டோவும், ஒரு குரல் பதிவும் போதும். அதுவும் போகவில்லையா? கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணமில்லை, தமிழில் பேசலாம், காலை 6 முதல் இரவு 10 மணி வரை. சாதாரண பட்டன் போனே போதும்.

“கடைசி நாளில் விண்ணப்பம் போட்டேன். பணம் கட்டும்போது சுற்றிக்கொண்டே நின்றுவிட்டது. மறுபடி கட்டலாமா?”
- வாசகர், வில்லியனூர்

உடனே கட்டாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா, கணக்கில் பணம் குறைந்ததா என்று பாருங்கள். குறைந்திருந்தால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு, விண்ணப்பத்தின் நிலையைப் பாருங்கள். பணம் சேரவில்லை என்று தெரிந்த பிறகே மறுபடி கட்டுங்கள்.

அன்றைக்கு உங்கள் நெட் மேல் குறை இல்லாமலும் இருக்கலாம். மற்ற தளங்கள் திறந்து, அந்த ஒரு தளம் மட்டும் நின்றால் கோளாறு அவர்கள் பக்கம். கடைசி நாளில் எல்லாரும் ஒரே மடையில் இறங்கினால் அப்படித்தான் ஆகும். பயிர்க் காப்பீடோ, மகளின் கல்லூரி விண்ணப்பமோ, நான்கு நாள் முன்னதாகவே முடியுங்கள். ஆவணங்களைப் போட்டோ எடுத்து, கேட்ட அளவுக்குச் சுருக்கி, போனில் தயாராக வைத்திருங்கள். முடிந்ததும் ஒப்புகை எண் வரும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வீட்டில் முடியாவிட்டால் பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள். அங்கேயும் ரசீது வாங்காமல் எழுந்து வராதீர்கள்.