'ஸ்டாப்'புக்கு 'ஜி' கிடையாது

தில்லிப் பக்கம் வந்து குடியேறும் தமிழர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும் எழுத்து ஒன்று உண்டு. 'ஜி'. ஆபீஸில் சர்மாஜி, மாடி வீட்டில் ஆண்ட்டிஜி, ஆட்டோக்காரரைக் கூட வெறும் பையா என்று கூப்பிட வாய் வராது, பையாஜி. இந்தி ஆண்பால் பெண்பால் குழம்பித் தள்ளாடினாலும், கடைசியில் ஒரு 'ஜி' போட்டுவிட்டால் மன்னித்து விடுவார்கள். எனக்குப் பதினாறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

அந்த 'ஜி'யைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. துப்பாக்கி சுடும் ரேஞ்ச். அங்கே பாதுகாப்பு பார்க்கிற ரேஞ்ச் ஆபீசராக நான் ஆன கதையையும், நம் வீட்டுப் பெற்றோர்கள் ஏன் இந்த வேலைக்கு வரவேண்டும் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.டி. கம்பெனியில் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ரேஞ்சில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் பொண்ணு செய்த வேலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கினாரே, அதைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்பு படித்த என் மகள் ஏர் பிஸ்டல் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். சேர்த்துவிட்டோம். சனி ஞாயிறு காலைகளில் அவள் உள்ளே, நாங்கள் அப்பா அம்மாக்கள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் செல்போன்.

அந்த நாற்காலிகளில் நடக்கும் பேச்சு முழுக்க மெடல்தான். நம்மவர்களுக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்த வீடு. 2019-ல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கினார். நம் பிள்ளையும் அப்படி வராதா என்று நினைப்பதில் தப்பே இல்லை. ஆனால் ஒன்று. பிள்ளைக்கு எந்த கம்பெனி பிஸ்டல் வாங்கலாம், என்ன விலை, எந்த கோச் என்று ஆறு மாதம் விசாரிக்கிற நாம், அந்த ரேஞ்சில் பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள் என்று ஒரு நாள் கூட விசாரிப்பதில்லை.

போட்டிகளுக்கு ஆள் போதவில்லை, பெற்றோர் யாராவது வாருங்கள் என்று கேட்டபோது பெயர் கொடுத்தேன். வகுப்பு, விதிப்புத்தகம், எழுத்துத் தேர்வு, அப்புறம் அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று போட்டிகளில் பழகுவது என்று சில மாதங்கள் போயின. வகுப்பில் முதலில் பிடித்துப் போன விஷயம், ஆபீசர் பார்க்க வேண்டியது குறி அட்டையை அல்ல, கைகளை. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்து மார்க் வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. பின்னால் இருக்கிற கூட்டம் மொத்தமும் அந்தப் பொத்தானைத்தான் பார்க்கும். நாம் மட்டும் பிள்ளைகளின் விரல் எங்கே இருக்கிறது, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிக்க வேண்டும்.

ஏர் பிஸ்டல்தானே, பொம்மை மாதிரி என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்கூட்டர் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார் சொச்சம். போட்டி ஏர் பிஸ்டலின் சிலிண்டரில் அடைப்பது 200 பார், கிட்டத்தட்ட நூறு மடங்கு. அதனால்தான் சிலிண்டருக்கும் ஆயுள் உண்டு. அதிகபட்சம் பத்து வருஷம் என்பது சர்வதேச சம்மேளனத்தின் பரிந்துரை. தேதி தாண்டாமல் பார்த்துக்கொள்வது சுடுபவரின் பொறுப்பு. அதிலிருந்து வரும் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு கண்ணில் பட்டால் கண் போய்விடும்.

விதிகள் சிக்கலானவை அல்ல. சுடாத நேரத்தில் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நீளக் கயிறு இருக்க வேண்டும், அதன் பெயர் சேஃப்டி ஃப்ளாக். குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது வெளியே தெரிந்தால் உள்ளே குண்டு இல்லை என்று தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியும். சுடுகோட்டுக்கு முன்னால் ஒரு ஆள் போனாலும் யாரும் துப்பாக்கியைத் தொடக்கூடாது. 'ஸ்டார்ட்' சொல்வதற்கு முன்போ 'ஸ்டாப்' சொன்ன பிறகோ சுட்டு, அதில் ஆபத்தும் இருந்தால், போட்டியிலிருந்தே நீக்கலாம். ஆபத்து என்று தோன்றினால் ஆபீசர் எந்த நொடியிலும் எல்லோரையும் நிறுத்தலாம்.

நின்று சுடுகிற நம் விளையாட்டிலேயே இவ்வளவு என்றால், ஓடிக்கொண்டே சுடுகிற பிராக்டிகல் ஷூட்டிங் என்று ஒன்று இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடி அதற்கு ஒரு உலகக் கூட்டமைப்பை உண்டாக்கினார்கள். இடுப்பு உறையிலிருந்து நிஜத் துப்பாக்கியை உருவி, ஓடி, திரும்பி, குனிந்து, மறைவிலிருந்து எட்டிப் பார்த்துச் சுடுவார்கள். பின்னாலேயே கை நீட்டினால் தொடும் தூரத்தில், நேரம் அளக்கும் கருவியோடு ஆபீசரும் ஓடுவார். குழல் எல்லை தாண்டிப் பின்பக்கம் திரும்பினாலோ, அடுத்த இடத்துக்கு நகரும்போது விரல் விசைக்கூண்டுக்குள் இருந்தாலோ விளைவு சாதாரணமாக இராது. எல்லை தாண்டினால் ஒரே ஒரு 'ஸ்டாப்', அன்றைய போட்டி அவருக்கு முடிந்தது. உலகச் சாம்பியனுக்கும் அதே, முதல் முறை வந்தவருக்கும் அதே.

அங்கே ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். துப்பாக்கி கீழே விழுந்தால் விழுந்தவரே எடுக்கக்கூடாது. ஆபீசர்தான் எடுத்து, காலி செய்து, காட்டிக் கொடுப்பார். கைதவறி விழும் பொருளை லபக்கென்று பிடிக்கப் போவது மனித இயல்பு. பிடிக்கிற அவசரத்தில் விரல் விசையில் மாட்டும். மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று தெரிந்து எழுதிய விதி அது.

எல்லா விதிகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். வாய்வார்த்தையை நம்பாதே, கண்ணால் பார். 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவில் 'ரஸ்ட்' என்ற படத்தின் ஒத்திகையில் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் குண்டு பாய்ந்து இறந்தார். காலித் துப்பாக்கி என்று வாயால் சொல்லித்தான் அது நடிகர் கைக்குப் போனது. உள்ளே நிஜக் குண்டு இருந்தது. ஆயுதப் பொறுப்பாளருக்கு 2024-ல் 18 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் பார்த்திருப்பார் என்று இவர், இவர் பார்த்திருப்பார் என்று அவர். நம் ஊர்க் கல்யாணத்தில் சாம்பாருக்கு உப்பு போடாமல் விடுவார்களே, அதே கதைதான். இங்கே போனது ஒரு உயிர்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். இந்த விதிகளைப் படிப்பது சுலபம். பெரிய மனிதர் ஒருவர் எதிரில் நிற்கும்போது அவற்றை வாயால் சொல்வதுதான் கஷ்டம்.

ஒரு கிளப் போட்டி. பத்து லேன், பத்துப் பிள்ளைகள், சோதனைச் சுடுதல் நடந்துகொண்டிருந்தது. அந்த ரேஞ்சுக்கு நிறைய உதவி செய்தவர், ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, எல்லோரும் எழுந்து நிற்கிற மனிதர். பேரன் கடைசி லேனில் சுட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தை முன்னாலிருந்து போட்டோ எடுக்க ஆசைப்பட்டு, செல்போனும் கையுமாகச் சுவரோரமாகக் கோட்டைத் தாண்டி இரண்டடி போய்விட்டார்.

நான் "ஸ்டாப்!" என்று கத்தினேன். பத்துப் பிஸ்டலும் மேஜைக்கு இறங்கின. அவர் திரும்பிப் பார்த்தார். "சார், கோட்டுக்குப் பின்னால் வாருங்கள்" என்று இந்தியில் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வந்தார், வந்து நிற்காமல் வெளியே போய்விட்டார். எல்லாத் துப்பாக்கியும் காலி, எல்லாவற்றிலும் கயிறு என்று பார்த்து முடித்து, நின்ற நேரத்தைப் பிள்ளைகளுக்குக் கூட்டிக் கொடுத்து மறுபடி ஆரம்பித்தோம்.

டீ வேளையில் கூட வேலை பார்த்தவர் தோளில் கை போட்டார். "பாய்சாப், படோன் ஸே ஐஸே நஹி போல்தே." பெரியவர்களிடம் இப்படிப் பேசக்கூடாதாம். போய் ஒரு ஸாரி சொல்லிவிடுங்கள் என்றார். வீட்டுக்குப் போகிற வழியில் மகள் கேட்டாள், "அப்பா, இனிமே என்னை அங்க பிராக்டிஸுக்கு விடுவாங்களா?" அந்தக் கேள்விதான் உள்ளே தைத்தது. வீட்டில் விஷயத்தைக் கேட்டுவிட்டு மனைவி, "வந்த ஊர்ல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றாள்.

வந்த ஊர். நம்மில் பல பேர் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு இந்த இரண்டு வார்த்தை போதும். வாடகை வீடு, பாஷை அரைகுறை, பிள்ளைக்கு அட்மிஷன், நாளைக்கு யார் தயவு தேவைப்படுமோ. பகைத்துக்கொள்ளாமல் இருப்பதே பிழைக்கும் வழி என்று பழகிவிட்டோம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் நின்றது ஓரத்தில். பேரன் அப்போது துப்பாக்கியைத் தூக்கியிருக்கவில்லை. அவர் முப்பது வருஷம் ஆயுதங்களோடு பழகியவர், எனக்குத் தெரிந்ததைவிடப் பத்து மடங்கு தெரிந்தவர். எல்லாம் உண்மை. ஆனால் கோட்டைத் தாண்டியவரின் அனுபவம் எத்தனை வருஷம், எந்தக் கோணத்தில் நிற்கிறார், எந்தப் பிள்ளையின் கை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டுக் கத்த நேரம் கிடையாது. கணக்குப் போடவே வேண்டாம் என்பதற்காகத்தான் தரையில் கோடு போட்டிருக்கிறார்கள். இன்னொன்று, பத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஆள் வந்தால் கோடு அழிந்துவிடும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அதை அவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

மரியாதை வேண்டாம் என்று சொல்லவில்லை. 'கொஞ்சம் நிறுத்துங்களேன் சார்' என்று நம் பாஷையிலும் சரி, இந்தியிலும் சரி, குழைந்து சொல்லி முடிப்பதற்குள் இரண்டு நொடி போய்விடும். ஆபத்துக்கு அரை நொடி போதும். அதனால்தான் 'ஸ்டாப்' ஒற்றைச் சொல். அதில் நீ, நீங்கள், ஆப், தும் எதுவும் இல்லை. மரியாதையை அவர் கோட்டுக்குப் பின்னால் வந்ததும் கொடுக்கலாம், நாற்காலி போட்டு டீயும் கொடுக்கலாம். அரைகுறை இந்திக்காரனான எனக்கு இது பெரிய சௌகரியமும் கூட. இங்கே நான் சொல்கிற 'ஸ்டாப்' பிறவி தில்லிக்காரர் சொல்கிற 'ஸ்டாப்'புக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை :)

நான் ஸாரி சொல்லவில்லை. அடுத்த போட்டிக்கு எனக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கு வந்தது. மகள் அதே ரேஞ்சில்தான் சுடுகிறாள். அந்தப் பெரியவர் இப்போதும் என்னோடு பேசுவதில்லை. ஆனால் கோட்டுக்குப் பின்னால் நின்றுதான் போட்டோ எடுக்கிறார்.

ஆகவே பிள்ளைகளை இந்த விளையாட்டில் விட்டிருக்கும் நம் மக்களுக்கு மூன்று விஷயம். பிஸ்டலுக்கு லட்சக்கணக்கில் பணம் கட்டுவதற்கு முன்னால், வீட்டில் ஒருவராவது ரேஞ்ச் பாதுகாப்பை முறையாகக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் மாநில ரைபிள் சங்கத்தில் கேட்டால் பயிற்சி எப்போது என்று சொல்வார்கள். இரண்டாவது, ஆபத்தைக் கண்டால் உடனே ஆபீசரிடம் சொல்ல வேண்டியது சுடுபவரின் கடமை என்று விதியே இருக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போது நீ பேசாதே என்று வளர்த்த பிள்ளைக்கு, அங்கே நீ பேசத்தான் வேண்டும் என்று நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

மூன்றாவது வீட்டுக்குள். லீவுக்கு ஊரிலிருந்து வரும் சித்தப்பா, மாமா எல்லாரும் முதலில் கேட்பது, "எங்க, துப்பாக்கியைக் கொண்டா பார்ப்போம்." எங்கள் வீட்டில் என் மச்சான், திருச்சிக்காரர், வாங்கின கையோடு தன் பையனை நோக்கிக் குறி பார்த்து செல்ஃபி எடுக்கப் போனார். என் மகள் குழலைக் கையால் தரைப் பக்கம் திருப்பி, "மாமா, அந்தக் கயிறு உள்ளயே இருக்கட்டும். ஆளைப் பார்த்து நீட்டக்கூடாது, குடுங்க" என்று வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். மச்சானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன மாப்ள, பொண்ணு ரொம்ப எதிர்த்துப் பேசுது?" என்றார். எனக்கு அவள் வாங்கிய எந்த மெடலையும்விட அது பெரிசாகத் தெரிந்தது.

பெயர் கொடுப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போய்விடும், இடுப்பு வலிக்கும், பேப்பரில் பெயர் வராது. எட்டு மணி நேரம் நின்று, ஒன்றுமே நடக்காமல் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போனார்கள் என்றால், அன்றைக்கு நம் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

டிஸ்கி: பிள்ளை துப்பாக்கி சுடாத வீட்டுக்காரர்களும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். ஸ்கூல் வேன் டிரைவர் செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டும்போது, 'வந்த ஊராச்சே' என்று சும்மா இருக்கிறோமே, அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.